தவக்காலத்தில் ஓர் உண்ணாவிரதம்

அது 2004ஆம் ஆண்டு என்பது அம்மாவின் கட்சி; 2005 என்பது அப்பாவின் கட்சி. இரண்டு பேரும் இத்தனை வருடங்களாக விட்டுக்கொடுக்கவில்லை. நான் அம்மாவின் பக்கம். அதற்குக் காரணம் பாசம் அல்ல. சம்பவம் நடந்தது குருத்து ஞாயிறுக்கு முந்திய வெள்ளிக்கிழமை என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. 2005இல் அந்த வெள்ளி மார்ச் நடுப்பகுதியில் வந்தது. 2004இல் ஏப்ரல் தொடக்கத்தில் வந்தது. அன்று ரொக்ஸ்பரோ கோயில் வாசலில் பனி இல்லை, சேறுதான் இருந்தது. என் புதுச் சப்பாத்தை அதில் புதைத்துவிட்டு அம்மாவிடம் ஏச்சு வாங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மொன்றியலில் மார்ச் நடுவில் சேற்றைப் பார்ப்பதற்குப் பெரிய அதிர்ஷ்டம் வேண்டும். ஆகவே 2004. எனக்கு அப்போது பத்து வயது.

சம்பவத்தின் நாயகி என் சின்னம்மா, அம்மாவின் ஒரே தங்கை. அப்பா ஸ்பொன்சர் செய்து இலங்கையிலிருந்து கூப்பிட்டவர். பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் இருந்தார். பகலில் கார்டெரி என்று இங்கே சொல்லப்படும் குழந்தைகள் காப்பகத்தில் உதவியாளர் வேலை. அந்த வேலையில் மேலே போவதற்கு டிப்ளோமா வேண்டும் என்பதால், வாரத்தில் இரண்டு மாலை மொன்றியல் தீவின் மேற்கு நுனியில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருந்த கல்லூரிக்குப் போய்வந்தார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. பியர்பொன்ட்ஸில் கார் இல்லாமல் வாழ்வது என்பது பஸ் தரிப்பிடத்தில் வாழ்வது.

குழந்தைகளைப் பராமரிக்கப் படிப்பவர்களும் கட்டாயமாக ஒரு வரலாற்றுப் பாடம் எடுக்க வேண்டும் என்று அந்தக் கல்லூரியில் விதி இருந்தது. அந்தப் பாடத்துக்கு சின்னம்மா எழுத வேண்டி வந்த கட்டுரையின் பொருள், வாக்குரிமை கேட்டு இங்கிலாந்துப் பெண்கள் நடத்திய தீவிரப் போராட்டம். தலைப்பை அவர் தெரிவு செய்யவில்லை. வகுப்புக்குப் பிந்திப் போனதால் மிஞ்சியது அதுதான். எங்கள் வீட்டின் ஒரே கணினி பேஸ்மென்டில் இருந்தது. எனவே அவர் தட்டச்சு செய்துகொண்டே சொன்ன கதைகளை எல்லாம் நான் கேட்டேன்.

கேட்டவற்றைப் பின்னாளில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்திருக்கிறேன். சின்னம்மா பெரும்பாலும் பிழை விடவில்லை. 1908இல் சில பெண்கள் பாராளுமன்றத்துப் பெண்கள் மாடத்தின் கம்பித் தடுப்பில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். பூட்டைத் திறக்க முடியாத அதிகாரிகள் கம்பித் தடுப்பையே கழற்றி, பெண்களோடு சேர்த்து வெளியே கொண்டுபோனார்கள். 1909இல் இரண்டு பெண்கள் தங்களையே தபாலில் பதிந்து பிரதமரின் வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே அவர்களை ஏற்க மறுத்துவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நான் முத்திரையை எங்கே ஒட்டினார்கள் என்று கேட்டேன். சின்னம்மாவுக்குத் தெரியவில்லை. எனக்கும் இன்றுவரை தெரியாது. 1912இல் லண்டனின் கடைத்தெருக்களில் கண்ணாடிகளை உடைத்தவர்கள், குளிருக்குக் கையை நுழைத்துக்கொள்ளும் உரோம உறைகளுக்குள் சுத்தியல்களை ஒளித்துக் கொண்டுபோனார்கள். வீடுகளுக்கும் தீ வைத்தார்கள். காயப்பட்டவர்களும் உண்டு, இதைச் சின்னம்மா என்னிடம் சொல்லவில்லை, நான் பின்னர் படித்தேன். வாக்கு கிடைத்தது இவர்களாலா, அதற்கு முன் பல ஆண்டுகள் பொறுமையாக மனுக் கொடுத்தவர்களாலா, அல்லது இடையில் வந்த போரினாலா என்பதில் வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

சிறைக்குப் போன பெண்கள் 1909 முதல் உண்ண மறுத்தார்கள் என்பதையும், அரசாங்கம் அவர்களுக்குக் குழாய் வைத்து வலுக்கட்டாயமாக உணவு செலுத்தியது என்பதையும் சின்னம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

இந்தக் கட்டுரை எழுதப்பட்டுக்கொண்டிருந்த நாட்களில்தான் எங்கள் கோயிலில் ஒரு கேள்வி எழுந்தது.

எங்களுக்குச் சொந்தக் கோயில் கிடையாது. ரொக்ஸ்பரோவில் ஒரு பிரெஞ்சுக் கோயிலில் ஞாயிறு பின்னேரங்களில் தமிழ்ப் பூசை நடந்தது. ரயில் நிலையமும் பஸ் தரிப்பிடமும் பக்கத்தில். தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, பூசை முடிந்ததும், சபைத் தலைவர் ஒலிவாங்கிக்கு முன் வந்தார். இன்னும் மேற்கே ஒரு பெரிய கோயில் கிடைக்கிறது, கார் நிறுத்த விசாலமான இடம், பிள்ளைகளுக்குத் தனி அறை, நல்ல சமையலறை என்றார். மாறுவதா இல்லையா என்பதைக் குருத்து ஞாயிறுக்கு முந்திய வெள்ளி சிலுவைப் பாதை வழிபாடு முடிந்ததும் கூட்டம் கூடி வாக்கெடுத்துத் தீர்மானிப்போம் என்றார். அந்தக் கோயிலுக்கு ஞாயிறு பின்னேரங்களில் பஸ் இல்லை என்பதை அவர் சொல்லவில்லை. மறைக்க நினைத்தார் என்று நான் நினைக்கவில்லை. அவர் பஸ்ஸில் ஏறி நீண்ட காலம் ஆகியிருந்தது.

எங்கள் சபையில் வாக்கு என்பது வீட்டுக்கு ஒன்று. அதைக் குடும்பத் தலைவர் போடுவார். யாப்பு என்று எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஊரில் கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு ஒரு பங்கு என்று இருந்த வழக்கம், கடல் கடந்து வரும்போது வீட்டுக்கு ஒரு வாக்கு என்று மாறியிருக்க வேண்டும். அதைப் பற்றி அதுவரை யாரும் கேட்டதில்லை.

சின்னம்மா கேட்டார். வாசலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்த தலைவரிடம் போய், தனக்கு வாக்கு உண்டா என்று கேட்டார். நான் சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தங்கச்சி, உங்கட வீட்டு வாக்கு பத்திரமா இருக்கு," என்றார் தலைவர். "அத்தானிட்ட."

"அத்தான்ர வாக்கு அத்தானிட்டயே இருக்கட்டும் அண்ணை. என்ர வாக்கு எங்க?"

"ஊரில எப்பவும் வீட்டுக்கு ஒண்டுதானே."

"ஊரில பாராளுமன்றத்துக்கு எனக்கு வாக்கு இருந்தது. இங்கயும் போன வருசம் போட்டனான். கோயில் ஹோலுக்குள்ளதான் இல்லை."

தலைவர் சிரித்தார். நல்ல மனிதர், யாரையும் புண்படுத்தாமல் சிரிப்பார். "நீங்கள் இதுக்குள்ள வந்து ஏன் மினக்கெடுறியள்? வெள்ளிக்கிழமைக் கஞ்சியைப் பாருங்கோ," என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

சின்னம்மா ஊரில் இருந்த வாக்கைப் பற்றிச் சொன்னது வெறும் வாய்ச்சவடால் அல்ல. இலங்கையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே நாளில், இருபத்தொரு வயதில், வாக்குரிமை வந்தது 1931இல். கியூபெக் பெண்கள் மாகாணத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை பெற்றது 1940இல். 1931இல் யாழ்ப்பாணத்தில் அந்த முதல் தேர்தலைப் பகிஷ்கரித்தார்கள் என்பதும், எங்கள் பக்கத்துப் பெண்கள் தங்கள் உரிமையைப் பயன்படுத்த மேலும் மூன்று வருடம் காத்திருந்தார்கள் என்பதும் வேறு கதை. எப்படிப் பார்த்தாலும், கியூபெக்கை முந்திக்கொண்டு வாக்குப் பெற்ற பெண்களின் பேத்திகள், கியூபெக்குக்கு வந்து ஒரு மண்டபத்தில் அதை இழந்திருந்தார்கள்.

வீட்டில் அப்பாவிடமும் சின்னம்மா பேசிப்பார்த்தார். அப்பா மாறுவதற்கு ஆதரவு. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் நிறுத்த இடம் தேடிக் கோயிலை மூன்று முறை சுற்றுவது அவருக்கு வெறுத்துப்போயிருந்தது. அம்மாவுக்கும் புதுக் கோயில்தான் பிடித்திருந்தது. அதன் சமையலறையை ஒருமுறை போய்ப் பார்த்திருந்தார். "எனக்கு வாக்கும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். நீ சும்மா இரு," என்றார் தங்கையிடம்.

சின்னம்மா சும்மா இருக்கவில்லை. ஆனால் என்ன செய்வது என்பதில் அவருக்குச் சிக்கல் இருந்தது. அதைக் கட்டுரையை எழுதியபடியே என்னிடம் விவாதித்தார்.

"கண்ணாடி உடைக்கலாம்," என்றேன். எனக்கு அதில் ஆர்வம் இருந்தது.

"அது வெள்ளைக்காரரின்ர கண்ணாடி. நாங்கள் வாடகைக்கு இருக்கிறம். உடைச்சா குளிரில விறைக்கிறதும் நாங்கள்தான்."

"சங்கிலி?"

"படிக்கட்டுக் கம்பியில கட்டலாம். கட்டினா எங்கட ஆக்கள், ஏன் பிள்ளை இந்தப் பனிக்குள்ள சைக்கிளில வந்தனீர் எண்டு கேப்பினம்."

இப்படி ஒவ்வொன்றாகக் கழித்து, கடைசியில் உண்ணாவிரதத்தில் வந்து நின்றார். ஒரு செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டு மேசையில் அதை அறிவித்தார்.

"அத்தான், நான் நாளையில இருந்து சாப்பிடமாட்டன்."

அப்பா தமிழ்ப் பத்திரிகையில் மரண அறிவித்தல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லது," என்றார். "எத்தினை நாளைக்கு நேர்ந்திருக்கிறீர்?"

"நேர்த்தி இல்லை அத்தான். போராட்டம். எங்களுக்கு வாக்குத் தாற வரைக்கும்."

"அதையும் ஆண்டவருக்கு எண்டு நினைச்சு இரும். தவக்காலம். பலன் கூட," என்று சொல்லி அப்பா பக்கத்தைத் திருப்பினார்.

பிழை அங்கேதான் நடந்தது. சின்னம்மா படித்த எந்தப் புத்தகத்திலும் இது இருந்திருக்க முடியாது. உண்ணாவிரதம் எங்கள் சமூகத்துக்குப் புதிய செய்தி அல்ல. ஆனால் அதற்கு ஒரு பந்தல் வேண்டும், ஒலிபெருக்கி வேண்டும், பந்தலுக்கு முன்னால் ஆட்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். இவை எதுவும் இல்லாமல், விபூதிப் புதன் முடிந்து இரண்டாவது வாரத்தில், ஒரு கத்தோலிக்கப் பெண் சாப்பிடாமல் இருந்தால் அதற்குப் பெயர் ஒருசந்தி. எங்கள் கோயிலில் பாதிப் பேர் அந்த நேரத்தில் ஏதோ ஒரு வகையில் பட்டினி கிடந்தார்கள். மச்ச மாமிசம் விட்டவர்கள், தேத்தண்ணீர் விட்டவர்கள், ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டவர்கள். சின்னம்மா அவர்களுக்குள் கொஞ்சம் முன்னணியில் நின்றார். அவ்வளவுதான்.

அவர் தண்ணீரும் வெறும் தேத்தண்ணீரும் மட்டும் குடித்தார். அம்மா ஒவ்வொரு நாளும் அவருக்கும் கோப்பை வைத்து, சோறு போட்டு, இன்னொரு கோப்பையால் மூடி வைத்தார். மறுநாள் அதை ஒன்றும் பேசாமல் தனக்கு எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை சின்னம்மாவுக்குக் கார்டெரியில் தலை சுற்றியது. மேற்பார்வையாளர் அவரை இருத்தி, தண்ணீர் கொடுத்து, பிள்ளைத்தாய்ச்சியா என்று பிரெஞ்சில் கேட்டாராம். போராட்டத்தைப் பற்றி அவரிடமும் சின்னம்மா சொல்லிப்பார்த்திருக்கிறார். "உங்கள் மதத்தில் பெண்களுக்கு மிகவும் கஷ்டம்தான்," என்று அவர் ஆறுதல் சொன்னார். அது சின்னம்மாவுக்கு இன்னும் எரிச்சல் ஊட்டியது.

ஞாயிறன்று எல்லாம் முடிவுக்கு வந்தது. பூசை வைத்த சுவாமி பிரசங்கத்தில், பெயர் சொல்லாமல், ஆனால் எல்லாருக்கும் விளங்கும்படி, இந்தக் குளிரிலும் வேலைக்குப் போய்க்கொண்டு கடும் ஒருசந்தி இருக்கும் ஒரு சகோதரியைப் புகழ்ந்தார். நம் பங்கின் இளம் பெண்களுக்கு அவர் ஒரு முன்மாதிரி என்றார். பூசை முடிந்து வெளியே வரும்போது ஒரு வயதான மாமி சின்னம்மாவின் கையைப் பிடித்து, "பிள்ளை, என்ர மகனுக்கு ஒரு நிரந்தர வேலை கிடைக்கோணும் எண்டு அந்த ஒருசந்தியில ஒருக்கா நினைச்சுக்கொள்ளும்," என்றார். இன்னொரு மாமி தன் முழங்கால் வலியைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் சின்னம்மா குசினிக்குள் போய் நின்றபடியே புட்டும் கத்தரிக்காய்க் கறியும் சாப்பிட்டார். அம்மா தண்ணீர் வார்த்துக் கொடுத்தார்.

"என்ர பட்டினியைச் சுவாமி எடுத்திட்டார்," என்றார் சின்னம்மா.

"ஆறுதலாத் தின்," என்றார் அம்மா.

அடுத்த மூன்று வாரங்களில் ஒன்றும் நடக்கவில்லை. கட்டுரை முடிந்தது. சின்னம்மா சரியாகிவிட்டார் என்று அப்பா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கூட்டம் நடந்த வெள்ளிக்கிழமை அப்பா வேலையிலிருந்து நேரே கோயிலுக்கு வருவதாக ஏற்பாடு. அம்மா கஞ்சி காய்ச்சுவதற்காக வேறொருவரின் காரில் முன்னரே போய்விட்டார். ஒவ்வொரு வெள்ளியும் சிலுவைப் பாதை முடிந்ததும் மண்டபத்தில் எல்லாருக்கும் கஞ்சி கொடுப்பார்கள். அதைப் பெண்கள் காய்ச்சிப் பரிமாறுவார்கள். நானும் சின்னம்மாவும் பஸ்ஸில் போனோம். வழியில் அவர் மணியை அழுத்தி, ஒரு தமிழ்க் கடைக்கு முன்னால் இறங்கினார்.

கடைக்காரர் சைவக்காரர். ஆனால் எங்கள் நாட்காட்டி அவருக்குத் தலைகீழ்ப் பாடம். "மரக்கறி ரோல்ஸ் சுடச்சுட இருக்கு," என்றார் எங்களைக் கண்டதும். "இண்டைக்கு வேதக்காரர் எல்லாம் அதுதான்."

"மட்டன் ரோல்ஸ் தாங்கோ அண்ணை."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சின்னம்மாவைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமையெல்லோ பிள்ளை?"

"ஓம் அண்ணை. தெரியும்."

"நாளைக்குச் சாப்பிடவோ?"

"இல்லை. இண்டைக்கு."

அவர் இடுக்கியால் ரோல்ஸை எடுத்துக் கடதாசிப் பையில் போட்டார். போடும்போது ஒவ்வொன்றுக்கும் இடையில் கொஞ்சம் நிறுத்தினார், யாராவது மனம் மாறலாம் என்பதுபோல.

தவக்காலத்து வெள்ளியில் கத்தோலிக்கர் இறைச்சி தொடுவதில்லை. அதைப் பற்றி எங்கள் வீட்டில் சட்டம் எதுவும் பேசப்பட்டதில்லை, சுவரில் நடக்கக் கூடாது என்று சட்டம் இல்லாததுபோல. சின்னம்மா அதில் அம்மாவைவிடக் கடுமையானவர். ஒருமுறை மறந்துபோய் கார்டெரியில் கோழி சூப் ஒரு கரண்டி குடித்ததற்காக அந்த வாரமே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனவர். சிலுவைப் பாதையின் பதினான்கு இடங்களிலும் அவர் முழந்தாளில் நின்றார். ரோல்ஸ் பொதி அவருடைய கோட்டுப் பைக்குள் இருந்தது. எண்ணெய் கசிந்து துணியில் ஒரு வட்டம் விழுந்ததைப் பின்னால் இருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மண்டபத்தில் ஆண்கள் கதிரைகளில் அமர்ந்தார்கள். பெண்கள் பின்பக்கம், நீள மேசையில் கஞ்சிப் பானைகளோடு நின்றார்கள். சின்னம்மா முன்வரிசையில் போய் அமர்ந்தார். அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. தலைவர் எழுந்து கார் நிறுத்தும் இடத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். சின்னம்மா பையை எடுத்து மடியில் வைத்து, ஒரு ரோல்ஸை வெளியே எடுத்து, கடித்தார்.

முதலில் மணம்தான் போனது. கஞ்சி மணத்துக்குள் பொரித்த இறைச்சியின் மணம் வரிசை வரிசையாகப் பின்னுக்குப் போனதை, திரும்பிய தலைகளை வைத்துச் சொல்ல முடிந்தது. தலைவர் பேச்சை நிறுத்தினார்.

"தங்கச்சி, அது மரக்கறி தானே?"

"இல்லை அண்ணை. மட்டன்."

பின்னால் யாரோ, "பிள்ளைக்குச் சுகமில்லையோ?" என்றார். இன்னொரு குரல், "கீழ்வீட்டில தனிய விட்டா இப்பிடித்தான்," என்றது. அப்பா எழுந்து வந்தார். அவருடைய காதுகள் சிவந்திருந்தன.

"என்ன இது? வையும் அதை."

"வாக்குத் தாங்கோ அத்தான். வைக்கிறன்."

"எல்லாரும் பாக்கினம்."

"அதுக்குத்தானே."

அவர் இரண்டாவது கடி கடித்தார். மெல்ல நேரம் எடுத்தது. கண்களில் நீர் வழிந்தது. அந்தக் கடை ரோல்ஸில் உறைப்புக் கூட என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஆள் மாறி ஆள் வந்து நிறுத்தச் சொன்னார்கள். போதும் பிள்ளை என்றார்கள். பெரிய கிழமை வருகுது என்றார்கள். முழங்கால் வலிக்கு வேண்டிக்கொள்ளச் சொன்ன மாமி உண்மையிலேயே கெஞ்சினார். இங்கிலாந்துச் சிறைகளில் உண்ண மறுத்த பெண்களை உண்ணவைக்க ஓர் அரசாங்கமே பாடுபட்டது. ரொக்ஸ்பரோவில் ஒரு பெண் உண்பதை நிறுத்துவதற்கு ஒரு மண்டபமே பாடுபட்டது. இந்த ஒப்பீடு எனக்கு அப்போது தோன்றவில்லை. சின்னம்மாவுக்குத் தோன்றியிருக்கும்.

கடைசியில் சுவாமி வந்தார். இளம் சுவாமி, மன்னார்ப் பக்கத்தவர். கதிரை ஒன்றை இழுத்து அவருக்கு எதிரே போட்டு அமர்ந்தார்.

"ஏனம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"பட்டினி கிடந்தன் சுவாமி. நீங்கள் பிரசங்கத்தில புகழ்ந்தீங்கள். நான் என்ன கேட்டனான் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. இப்ப எண்டாலும் கேளுங்கோ."

தலைவர் ஒலிவாங்கியில், கூட்டத்தைத் தொடருவோம், இந்தப் பிள்ளையின் விசயத்தைப் பேந்து பார்ப்போம் என்றார். சரி, இந்தக் கஞ்சியைக் குடித்துவிட்டு வாக்கெடுப்போம் என்று யாரோ சொன்னார்கள். ஆண்கள் சிலர் எழுந்து பின்பக்க மேசைக்குப் போகத் திரும்பினார்கள்.

அப்போதுதான் அம்மா வந்தார். கையில் அகப்பை இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் என்னிடம் தந்தார். சின்னம்மாவுக்குப் பக்கத்தில் அமர்ந்தார்.

"எனக்கும் ஒண்டு தா," என்றார்.

சின்னம்மா அசையவில்லை. "அக்கா, நீங்கள் வேண்டாம்."

"தா எண்டுறன். ஒருத்தியாத் திண்டு முடிக்கப்போறியே?"

அம்மா பைக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்துக் கடித்தார். நான் அறிந்து அம்மா எந்தக் கூட்டத்திலும் முன்வரிசையில் அமர்ந்ததில்லை. எந்தத் தவக்கால வெள்ளியிலும் முட்டைகூடச் சாப்பிட்டதில்லை. அப்பா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை. நேரே, மேடையில் இருந்த பூச்சாடியைப் பார்த்தபடி மென்றார்.

மற்றப் பெண்கள் யாரும் இறைச்சியைத் தொடவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னாளில் இந்தக் கதை ரொறன்ரோவரை போய், மண்டபத்துப் பெண்கள் எல்லாரும் ரோல்ஸ் தின்றார்கள் என்று திரும்பி வந்தது. அது பொய். அவர்கள் செய்தது வேறு. பானைகளுக்கு மூடி போட்டார்கள். ஒருவர் பின் ஒருவராக வந்து, காலியாக இருந்த கதிரைகளில் அமர்ந்தார்கள். கஞ்சிக்காக எழுந்த ஆண்களின் கதிரைகள்தான் பெரும்பாலும் காலியாக இருந்தன. ஆண்கள் சிலர் வெறுங் கோப்பைகளோடு மேசைக்கு முன்னால் நின்றார்கள். யாரும் பரிமாறவில்லை. தாமே மூடியைத் திறந்து வார்த்துக்கொள்ளலாம் என்பது ஏனோ ஒருவருக்கும் தோன்றவில்லை.

சுவாமி எழுந்து தலைவரின் காதில் ஏதோ சொன்னார். தலைவர் நெடுநேரம் தலையாட்டினார். பிறகு, வாக்கெடுப்பு உயிர்த்த ஞாயிறு பாஸ்கா முடிந்து அடுத்த ஞாயிறுக்கு ஒத்திவைக்கப்படுகிறது, பதினெட்டு வயது நிரம்பிய எல்லாரும் வாக்களிக்கலாம் என்று அறிவித்தார். "எல்லாரும் எண்டா எல்லாரும்தான்," என்று சேர்த்துக்கொண்டார். அதன் பிறகு மூடிகள் திறக்கப்பட்டன. கஞ்சி ஆறிப்போயிருந்தது.

பெரிய கிழமையில் அம்மாவும் சின்னம்மாவும் ஒன்றாகப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார்கள். அம்மா முதலில் உள்ளே போய்ச் சீக்கிரம் வந்துவிட்டார். சின்னம்மா வர நேரமாயிற்று. என்ன சொன்னார்கள் என்பது எனக்குத் தெரியாது. அது பதிவு செய்யப்பட வேண்டிய விடயமும் அல்ல. வெளியே வந்தபோது சின்னம்மாவின் மூக்கு சிவந்திருந்தது. எங்கள் வீட்டில் அப்பா பாஸ்கா வரை பத்திரிகையோடு மட்டும் பேசினார்.

பாஸ்காவுக்கு அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு வாக்கெடுப்பு நடந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. வழக்கமாகச் சமையலறையிலேயே நிற்கும் பெண்கள்கூட நல்ல சேலை கட்டி வந்திருந்தார்கள். இங்கேயே இருப்போம் என்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார் தலைவர். சின்னம்மா உயர்த்தினார். பஸ்ஸில் வருபவர்கள் சிலர் உயர்த்தினார்கள். தலைவர் வரிசை வரிசையாக நடந்து எண்ணினார். சின்னம்மாவிடம் வந்தபோது, விரலை நீட்டி, மற்றவர்களுக்குச் சொன்னதைவிடக் கொஞ்சம் உரக்க எண்ணைச் சொன்னார்.

பிறகு, மாறுவோம் என்பவர்கள். மண்டபத்தில் பெரும்பாலான கைகள் உயர்ந்தன. பெண்களின் கைகளும்தான். அப்பா உயர்த்தினார். அவருக்குப் பக்கத்தில் அம்மாவும் உயர்த்தினார். சமையலறை நல்லது என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தார்; அதில் மாற்றம் இல்லை. சின்னம்மா திரும்பி அக்காவின் கையைப் பார்த்தார். நான் அழத் தயாரானேன்.

அந்தக் கோடையிலேயே நாங்கள் மேற்கே மாறினோம். சின்னம்மா அப்பாவின் காரில் வந்துபோனார்; பிறகு ஓட்டப் பழகினார்; பிறகு கலியாணம் செய்துகொண்டு லவாலுக்குப் போனார். இப்போது ஒரு கார்டெரியை நடத்துகிறார். அவருடைய கட்டுரைக்கு என்ன புள்ளி கிடைத்தது என்று அண்மையில் கேட்டேன். மறந்துவிட்டதாகச் சொன்னார்.

ஆனால் எனக்கு மறக்காதது வாக்கெடுப்பு முடிந்து அன்று திரும்பி வந்த கார்ப் பயணம். சின்னம்மா பின் இருக்கையில் எனக்குப் பக்கத்தில் இருந்தார். சிவப்பு விளக்கில் கார் நின்றபோது அப்பா கண்ணாடியில் பார்த்து, பல நாட்களுக்குப் பிறகு அவரோடு பேசினார்.

"என்ன, தோத்திட்டீர்?"

"ஓம் அத்தான். வடிவாத் தோத்தன்," என்றார் சின்னம்மா. சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. முன் இருக்கையில் அம்மாவின் தோள்களும் குலுங்கத் தொடங்கின. சகோதரிகள் இருவரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். விளக்குப் பச்சையாகிப் பின்னால் இருந்தவர் ஹோன் அடிக்கும்வரை அப்பாவும் காரை எடுக்க மறந்துவிட்டார்.

எனக்கு மிகுந்த கோபம். அம்மா காட்டிக்கொடுத்துவிட்டார், சின்னம்மாவோ அதைக் கண்டும் சிரிக்கிறார். கைகளை நானும் எண்ணியிருந்தேன்.

"சின்னம்மா, அவைதான் கூட," என்றேன்.

"தெரியும் குஞ்சு. நானும் எண்ணினனான்."

"அப்ப நீங்கள் தோல்வியெல்லோ?"

"ஓம். என்னையும் சேர்த்துத்தான் எண்ணினவை," என்றார். இதையும் பெருமையாகச் சொன்னார்.

அவரையும் சேர்த்த பிறகுதான் அந்தத் தொகை, சேர்த்தும் போதவில்லை. இது இரண்டாம் வகுப்புக் கூட்டல். என் சின்னம்மா நல்லவர், ஆனால் கணக்கில் பலவீனமானவர் என்று அன்று முடிவு செய்தேன். வீடு வந்ததும் அவரைப் பேஸ்மென்ட் படியில் இருத்தி, என் விரல்களை விரித்து, ஒரு கையில் அவர்களையும் மறு கையில் எங்களையும் வைத்து, மறுபடி எண்ணிக் காட்டினேன். அவர் கோட்டைக்கூடக் கழற்றாமல், கடைசி விரல்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.